நீலத்திரையின் வரலாறு

மனிதன் தன் கைக்குத் துணையாகச் செய்துகொண்ட பொறிகள் பல. ஏற்றம், செக்கு, தறி, அச்சுப்பொறி, நீராவி வண்டி என்று அவற்றின் வரிசை நீளும். இவையனைத்தும் என்றேனும் ஒருநாள் பழுதுபட்டு நின்றவையே. ஆனால் நின்றபோது, "இன்னதனால் நின்றேன்" என்று அவை எழுதிக் காட்டியதில்லை. அச்சு முறிந்ததா, கயிறு அறுந்ததா என்பதைத் தச்சரும் கொல்லருமே கண்டறிந்து சொன்னார்கள். தான் நிற்கும்போது நின்ற காரணத்தையும் எழுதிக் காட்டக் கற்றுக்கொண்ட பொறி கணினியாகும். அவ்வாறு எழுதிக் காட்டிய பலகையே, பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் வீடுகளிலும் பலர் கண்டு அஞ்சிய நீலத்திரை.

தேர்வுத்தாள் ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். திடீரென்று எழுத்தெல்லாம் மறைகின்றன. திரை முழுதும் நீலமாகிறது. விளங்காத எண்கள் வெள்ளெழுத்தில் தோன்றுகின்றன. "கணினி கெட்டுவிட்டது" என்றே அவர் வருந்துவார். அவ்வருத்தம் இயல்பானது. ஆயினும், உள்ளே நேர்ந்த பிழை மேலும் பரவி, சேமித்து வைத்தவற்றையும் அழிக்காதிருக்கும் பொருட்டே அப்பொறி தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது என்பதை அவர் அறிந்திருக்கமாட்டார்.

பிழைபட்ட பொறி நிற்கவேண்டும். நின்ற காரணத்தை விளங்கச் சொல்லவேண்டும். அதனைத் திருத்த வருகின்ற மருந்து, ஒரே நேரத்தில் எல்லாப் பொறிகளையும் சென்று தாக்காதவாறு வழங்கப்படவேண்டும். இம்மூன்று பாடங்களையும் உலகம் எளிதில் கற்கவில்லை. பொருளிழப்போடு உயிரிழப்பும் கண்ட பின்னரே கற்றது. அவ்வாறு கற்ற வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

பூச்சி என்னும் பெயர்

கணினியில் நேரும் பிழையை ஆங்கிலேயர் "பக்", அதாவது பூச்சி, என்று வழங்குகின்றனர். பிழையை நீக்குவது அவர்கள் வழக்கில் பூச்சி களைதலாகும். இப்பெயர் எவ்வாறு வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க்-2 என்னும் பெருங்கணினி ஒன்று அந்நாட்டுக் கடற்படைக்காகச் செய்யப்பட்டது. மின்காந்த விசையால் திறந்தும் மூடியும் இயங்கும் ஆயிரக்கணக்கான மின்தொடுப்பிகளால் ஆன பொறி அது. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், அப்பொறி தவறான விடை காட்டவே, பணியாளர் ஒவ்வொரு பகுதியாகத் திறந்து பார்த்தனர். 70-ஆம் எண்ணுள்ள தொடுப்பியின் இடையில் விட்டில் ஒன்று சிக்கி மடிந்து கிடந்தது. அதனை எடுத்துப் பணிக்குறிப்பேட்டில் ஒட்டி, உண்மையான பூச்சி அகப்பட்ட முதல் நிகழ்ச்சி இதுவே என்று வேடிக்கையாக எழுதி வைத்தனர். அப்பணியகத்தில் இருந்த கிரேஸ் ஹாப்பர் அம்மையார் பின்னாளில் இக்கதையைப் பல மேடைகளிற் சொல்லிப் பரப்பினார். விட்டில் ஒட்டிய அந்த ஏடு இன்றும் வாஷிங்டன் நகர அரும்பொருட்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த விட்டிலால்தான் அச்சொல் பிறந்தது என்று பலர் எழுதுவர். அது பொருந்தாது. உண்மையான பூச்சி அகப்பட்டது என்று எழுதியதிலிருந்தே, உண்மையல்லாத பூச்சிகள் அவர்கள் பேச்சில் முன்பே உலவின என்பது விளங்கும். 1878-ஆம் ஆண்டிலேயே, தாம் புதிதாகச் செய்யும் கருவிகளில் தலைகாட்டும் சிறு குறைகளை எடிசன் தம் கடிதமொன்றில் இச்சொல்லாற் குறித்திருக்கிறார்.

இக்கதையில் நாம் போற்றத்தக்கது விட்டிலினும் அக்குறிப்பேடுதான். பிழை நேர்ந்த நாள், நேரம், இடம், கண்ட பொருள் ஆகிய நான்கும் அதில் பதிவாயின. பிழை தேடும் கலைக்கு இதுவே அடிப்படை. பின்னாளில் இக்குறிப்பேட்டைக் கணினியே எழுதத் தொடங்கிற்று.

நின்றபின் ஆராய்தல்

இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் என்பாரின் தலைமையில் செய்யப்பட்ட எட்சாக் கணினி, 1949-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் தன் முதற் கணக்கைச் செய்து முடித்தது. அக்காலத்தில் நிரல்களைத் தாள்நாடாவில் துளையிட்டுப் பொறிக்குள் செலுத்துவார்கள். பொறியை நன்றாகச் செய்துவிட்டால் கணக்கு தானே நன்றாக வரும் என்றே முதலில் எல்லாரும் நம்பினர். அவ்வாண்டே வில்க்சுக்கு வேறோர் உண்மை புலனாயிற்று. துளையிடும் அறைக்கும் கணினி அறைக்கும் இடையிலுள்ள படிகளில் ஏறிச் செல்லும்போது, தம் எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதி தாமே எழுதிய நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப் போகிறது என்று தாம் உணர்ந்ததாக அவர் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். கற்றறிந்த ஒருவர் தம் பிழையைத் தாமே ஒப்புக்கொண்ட அந்த நேரம், கணினி வரலாற்றில் ஒரு திருப்பம் எனலாம்.

எட்சாக் ஒன்றே, அதனைப் பயன்படுத்தக் காத்திருந்தவரோ பலர். நிரல் பாதியில் நின்றால், நிரலை எழுதியவர் பொறியின் முன் அமர்ந்து ஒவ்வொரு படியாக ஓட்டிப் பார்க்க நேரமில்லை. ஆகவே, நின்ற நிலையில் பொறியின் நினைவில் இருந்தவற்றை அப்படியே தாளில் அச்சிட்டுத் தரும் சிறு நிரல்களை அவர்கள் எழுதினார்கள். அவற்றிற்குப் பிண ஆய்வு நிரல்கள் என்று பொருள்படும் பெயரையும் இட்டார்கள். மாண்டவர் உடலை மருத்துவர் ஆராய்ந்து மரணத்தின் காரணத்தைக் கூறுவதுபோல, நின்ற நிரலின் எச்சத்தை ஆராய்ந்து நின்ற காரணத்தைக் காண்பது இதன் நோக்கம். அக்குழுவினருள் ஒருவரான ஸ்டான்லி கில் 1951-ல் இம்முறைகளைப் பற்றி அரசவை அறிவியற் கழக வெளியீட்டில் கட்டுரையொன்றும் வரைந்தார். இன்று நீலத்திரை தோன்றியவுடன் நினைவகத்தின் நிலையைக் கணினி ஒரு கோப்பில் எழுதி வைக்கின்றதே, அதற்கு மூத்தோன் கேம்பிரிட்ஜில் அச்சான அத்தாள்தான்.

விழுந்து எழுந்த பொறி

பிழை நேர்ந்தால் நிற்பது நன்று. ஆனால் நிற்கவே இயலாத இடத்தில் பொறி இருந்தால் என் செய்வது? 1969-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள், ஆம்ஸ்டிராங்கும் ஆல்டிரினும் நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது இவ்வினாவுக்கு விடை கிடைத்தது. அவர்கள் கலத்திலிருந்த சிறு கணினி, 1202 என்னும் எண்ணைக் காட்டி எச்சரித்தது. செய்யவேண்டிய பணிகள் மிகுந்து, அவற்றை வைக்க இடமில்லை என்பது அதன் பொருள். அப்போது தேவைப்படாத கதிரலைக் கருவி ஒன்றிலிருந்து ஓயாது வந்த குறிகளே கணினியின் நேரத்தை விழுங்கின. கணினியோ தன்னைத்தானே மீளத் தொடங்கிற்று. கலத்தைச் செலுத்தும் பணியை விடாது பற்றிக்கொண்டு, சிறு பணிகளை உதறிவிட்டது. சில நிமிடங்களுக்குள் பலமுறை இவ்வாறு நிகழ்ந்தும் கலம் நலமே இறங்கிற்று.

அந்த எண்ணின் பொருளை நிலவில் இறங்கியோர் அறிந்திருக்கவில்லை. தரையிலிருந்த ஜாக் கார்மன் என்னும் இளம் பொறியாளர், ஒத்திகை ஒன்றிற்குப்பின், எச்சரிக்கை எண்கள் எல்லாவற்றையும் அவற்றின் பொருளோடு ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். அத்தாளைக் கண்டு, இறங்கலாம் என்று அவரால் உடனே கூற முடிந்தது. பொறி ஓர் எண்ணைச் சொன்னால் மட்டும் போதாது. அதன் பொருளை அறிந்தவர் ஒருவர் அருகில் இருக்கவேண்டும்.

நில்லாத பொறியின் கேடு

அறிந்தவர் இல்லாதபோது நேரும் கேட்டினைத் தெரக்-25 என்னும் மருத்துவப் பொறி காட்டியது. புற்றுநோய்க் கட்டிகளைக் கதிர்வீச்சால் அழிக்கும் அப்பொறி கனடாவில் செய்யப்பட்டது. முந்திய பொறிகளில் தவறான அளவு பாயாமல் தடுக்கும் இரும்புப் பூட்டுகள் இருந்தன. இப்புதிய பொறியில் அப்பூட்டுகளை நீக்கி, அவ்வேலையைக் கணினி நிரலிடமே ஒப்படைத்தனர். 1985-க்கும் 1987-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர்; அவர்களுட் சிலர் மாண்டனர்.

அப்பொறி வாய்மூடி இருக்கவில்லை. "கோளாறு 54" என்று திரையில் காட்டியது. ஆனால் அதன் பொருளை இயக்குநருக்கு விளங்கவைக்கும் விளக்கம் கையேட்டில் இல்லை. பொறியும் முற்றிலும் நின்றுவிடவில்லை. "பி" என்னும் ஒரே விசையைத் தட்டினால் தொடர்ந்து இயங்க இடங்கொடுத்தது. நாள்தோறும் இத்தகைய அறிவிப்புகளைக் கண்டு பழகிய இயக்குநர்கள் அவ்விசையைத் தட்டினார்கள். இறுதியில் டெக்சஸ் மாநில மருத்துவமனை ஒன்றின் இயற்பியலாளரும் இயக்குநரும் சேர்ந்து, அன்று செய்தவற்றையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்துப் பிழையை வரவழைத்தனர். இயக்குநர் பழக்கத்தால் விரைவாகத் தட்டச்சு செய்து ஒரு திருத்தம் செய்தபோது மட்டும் அப்பிழை தோன்றியது. மெதுவாகச் சோதித்துப் பார்த்தவர் கண்ணுக்கு அது படாமற் போனதன் காரணம் இதுவே.

ஒரு சொல்லும் சொல்லாமல் தவறிய பொறியின் கதை இன்னும் கொடியது. 1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போரில், வரும் ஏவுகணைகளைத் தடுக்கும் பேட்ரியட் என்னும் அமெரிக்கக் கருவி ஒன்று சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் நிறுத்தப்பட்டிருந்தது. அதன் கணினி, நேரத்தை நொடியின் பத்திலொரு பங்காக எண்ணிக்கொண்டு வந்தது. பத்திலொன்று என்னும் பின்னத்தை இரும எண்களால் முடிவுற எழுத இயலாது. ஆதலின் ஒவ்வோர் எண்ணலிலும் மிகச் சிறு பிழை சேர்ந்துகொண்டே போயிற்று. நிறுத்தாமல் 100 மணி நேரம் ஓடியபின் அப்பிழை ஏறத்தாழ 0.34 நொடியாயிற்று. அந்நேரத்திற்குள் ஏவுகணையோ அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். பெப்ரவரி 25-ஆம் நாள் வந்த ஏவுகணையைக் கருவி தவறான இடத்தில் தேடிற்று. 28 படைவீரர் மாண்டனர்.

இடையிடையே கருவியை நிறுத்தி மீளத் தொடங்கியிருந்தால் பிழை நீங்கியிருக்கும். நெடுநேரம் தொடர்ந்து ஓட்டினால் குறி விலகும் என்ற எச்சரிக்கையும் முன்பே அனுப்பப்பட்டிருந்தது. ஆனால் நெடுநேரம் என்பது எத்தனை மணி என்று அதில் சொல்லவில்லை. பிழை திருத்திய நிரல் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது பெப்ரவரி 26-ல், அதாவது, மறுநாள்!

பிழையைச் சொல்வோன் இருந்தும் கேட்போன் பொருளை மாற்றி உணர்ந்தால் விளையும் கேட்டிற்கு 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் நிகழ்ந்தது சான்றாகும். அன்று தென்னமெரிக்காவின் கூரூ தளத்திலிருந்து புறப்பட்ட ஏரியன்-5 ஏவூர்தியில், திசையறியும் கணினி தன் அளவுக்கு அடங்காத எண் ஒன்றைச் சிற்றிடத்தில் வைக்க முயன்று நின்றுவிட்டது. அதற்குத் துணையாக இருந்த கணினியிலும் அதே நிரல் இருந்தமையால் அதுவும் அவ்வாறே நின்றது. நின்ற கணினி அனுப்பிய பிழைக்குறிப்பைத் தலைமைக் கணினியோ பறத்தல் பற்றிய செய்தியாகக் கொண்டு ஏவூர்தியைத் திருப்பிவிட்டது. எரியூட்டிய 40 நொடிக்குள் ஏவூர்தி சிதறியது.

நீலத்திரை பிறந்தது

இனி, நம் மேசைமேலுள்ள கணினிக்கு வருவோம். 1981-ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியில், ஓடுகின்ற நிரல் எதுவும் நினைவகத்தின் எப்பகுதியிலும் எழுதலாம். எழுதக்கூடாத இடத்தில் எழுதிவிட்டால் பொறி அப்படியே உறைந்து நிற்கும், காரணம் சொல்லாது. மீளத் தொடங்குவதற்குக் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தும் முறையை அந்நிறுவனத்துப் பொறியாளர் டேவிட் பிராட்லி அமைத்தார். தற்செயலாகக் கைபட்டு நேராதிருக்கும் பொருட்டே மூன்று விசைகள் வேண்டப்பட்டன.

1988-ல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் சேர்ந்த டேவிட் கட்லர் தலைமையில் விண்டோஸ் என்.டி. என்னும் புதிய இயங்குதளம் உருவாக்கப்பட்டு 1993-ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்தது. இதில் நினைவகம் இரு நிலைகளாகப் பிரிக்கப்பட்டது. நாம் எழுதவும் கணக்கிடவும் பயன்படுத்தும் நிரல்கள் ஒரு நிலையிலும், அவற்றையெல்லாம் ஆளும் கருவகம் மற்றொரு நிலையிலும் இருக்கும். ஒரு பள்ளிக்கூடத்தைக் கொண்டு இதனை விளக்கலாம். வகுப்பொன்றில் குழப்பம் நேர்ந்தால் அவ்வகுப்பை மட்டும் கலைத்துவிட்டுப் பள்ளியை நடத்தலாம். தலைமை அலுவலகத்திலுள்ள மூலப்பதிவேடே திரிந்துவிட்டால், அதன்மேல் மேலும் எழுதிக்கொண்டே போவது மாணவர் அனைவருடைய குறிப்புகளையும் பாழாக்கும். அப்போது பள்ளியை மூடிவிட்டு ஆராய்வதே முறை. கருவகத்தில் பிழை நேர்ந்தால் கணினி செய்வதும் அதுவே. அவ்வாறு நிற்கும்போது தோன்றுவதே நீலத்திரை.

யூனிக்ஸ் என்னும் முந்திய இயங்குதளத்திலும் இதே முறை உண்டு. அங்கே அதற்குத் திகில் என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள்.

நீலத்திரையை யார் எழுதினார் என்பதில் குழப்பம் உண்டு. ஸ்டீவ் பால்மர் எழுதியதாகச் செய்தித்தாள்கள் 2014-ல் எழுதின. அந்நிறுவனத்தின் நெடுநாள் பொறியாளரான ரேமண்ட் சென் அதனை மறுத்து விளக்கினார். பால்மர் எழுதியது, விண்டோஸ் 3.1-ல் அம்மூன்று விசைகளை அழுத்தினால் தோன்றிய நீலப் பலகையின் வாசகம். அது நின்றுபோன கணினியின் அறிவிப்பன்று. விண்டோஸ் 95-ன் நீலத்திரையைச் செப்பம் செய்தவர் சென். என்.டி.யின் உண்மையான நீலத்திரையை எழுதியவர் ஜான் வெர்ட் என்பார். அச்சமூட்டவோ அமைதிப்படுத்தவோ அவர் நீலத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் பயன்படுத்திய கணினியின் தொடக்கத் திரையும், நிரல் எழுதும் கருவியும் நீலத்தின்மேல் வெள்ளெழுத்தாக இருந்தன. பழகிய நிறத்தையே அவர் கொண்டார். அவ்வளவுதான்.

1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள் சிக்காகோவில் நடந்த கண்காட்சியில், பில் கேட்ஸ் முன்னிலையில் விண்டோஸ் 98-ஐச் செய்துகாட்டிய பணியாளர் வருடி (ஸ்கேனர்) ஒன்றைக் கணினியோடு இணைத்தார். பேரவையின் முன் நீலத்திரை தோன்றியது. கூட்டம் சிரித்து ஆரவாரித்தது. இதனால்தான் இன்னும் வெளியிடவில்லை போலும் என்று கேட்சும் நகைத்துச் சமாளித்தார். அந்நிகழ்ச்சி ஓர் உண்மையைக் காட்டுகிறது. அச்சுப்பொறி, படக்கருவி முதலியவற்றைக் கணினியோடு பேசவைக்கும் இயக்கி நிரல்கள் பெரும்பாலும் கருவகத்தோடு சேர்ந்தே ஓடுபவை. எங்கோ யாரோ எழுதிய ஓர் இயக்கியில் பிழையிருந்தாலும், விழுவது முழுக் கணினியே. பழி சேர்வது விண்டோசுக்கே. இதனையறிந்த மைக்ரோசாப்ட், 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. முதல், பயனரின் இசைவோடு நீலத்திரைக் குறிப்புகளைத் தன்னிடம் அனுப்பச் செய்தது. உலகெங்குமிருந்து வந்த குறிப்புகளை ஒருங்கே வைத்து எண்ணியதால், எந்த இயக்கி மிகுதியாகப் பிழைக்கிறது என்பது தெளிவாயிற்று. எட்சாக்கின் தாள் ஒன்று. இங்கே கோடிக்கணக்கான தாள்கள்.

திருத்தமும் நோயாதல்

பிழை தெரிந்தால் திருத்தம் வரும். அத்திருத்தமே பிழையானால்? 1990-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் நெடுந்தொலைவுத் தொலைபேசி இதனைக் காட்டியது. சென்ற திங்களில்தான் அதன் 114 இணைப்பகங்களிலும் புதிய நிரல் ஏற்றப்பட்டிருந்தது. அன்று நியூயார்க் இணைப்பகம் ஒன்று சிறு கோளாறால் நின்று, உடனே தேறி எழுந்து, தான் எழுந்த செய்தியை அண்டை இணைப்பகங்களுக்கு அறிவித்தது. அச்செய்திகள் மிக விரைவாக ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, புதிய நிரலிலிருந்த பிழையால் அண்டை இணைப்பகங்கள் நின்றன. அவை எழுந்து செய்தி அனுப்ப, வேறு சில நின்றன. நலம் பெற்ற செய்தியே நோயைப் பரப்பியது! ஒன்பது மணி நேரம் இத்துன்பம் நீடித்தது. 114 இணைப்பகங்களிலும் ஒரே நிரல் இருந்ததே அது பரவக் காரணம்.

இதனால் திருத்தமே வேண்டா என்று இருந்துவிடலாமா? அதுவும் கேடே. 2017-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் நாள் விண்டோசின் ஒரு குறைக்கு மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டது. அதனை ஏற்றாதிருந்த கணினிகளை, மே 12-ல் கிளம்பிய வானாக்கிரை என்னும் நச்சு நிரல் பற்றிக்கொண்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. தஹ்ரானில் ஒரு நாள் தாமதம். இங்கே இரு திங்கள் தாமதம்.

விரைந்து ஏற்றினும் கேடு, தாழ்த்து ஏற்றினும் கேடு என்னும் இவ்விடர்ப்பாட்டை முன்னரே காட்டிய நிகழ்ச்சிகளும் உண்டு. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் மெக்காபி நிறுவனத்தின் நச்சுநிரல் தடுப்பானுக்கு வந்த புதுப்பிப்பு ஒன்று, விண்டோஸ் எக்ஸ்.பி.யின் இன்றியமையாத கோப்பு ஒன்றையே நச்சென்று கருதி நீக்கவே, கணினிகள் மீண்டும் மீண்டும் தொடங்கி நின்றன. 2018 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு, பயனர் சிலரின் கோப்புகளையே அழித்தது. மைக்ரோசாப்ட் சில நாட்களுக்குள் அதனை நிறுத்திவிட்டு, நவம்பர் 13-ல் செப்பம் செய்து மீண்டும் வெளியிட்டது.

நம் வாசலுக்கு வந்த நீலத்திரை

2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், வெள்ளிக்கிழமை. மலேசிய, சிங்கப்பூர் நேரப்படி நண்பகல் 12 மணி 9 நிமிடம். கிரௌட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்கக் காப்பு நிறுவனம், தன் தடுப்பானுக்குரிய குறிப்புக்கோப்பு ஒன்றை உலகெங்குமுள்ள விண்டோஸ் கணினிகளுக்கு அனுப்பியது. சிறிது நேரத்தில் வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் விமான நிலையங்களிலும் நீலத்திரைகள் தோன்றின. சாங்கியில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையாற் பதிவு செய்தன. கோலாலம்பூரில் ஏர் ஆசியாவின் பதிவுமுறை தடைப்பட்டு வரிசைகள் நீண்டன. அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் ஐந்து நாட்களில் ஏறத்தாழ 7,000 பயணங்களைக் கைவிட்டது. தாக்குண்ட கணினிகள் 85 இலட்சம் என்று மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. உலகிலுள்ள விண்டோஸ் கணினிகளில் இது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்பதை எண்ணும்போது, நம் வாழ்வு எத்துணை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது தெரியும்.

காரணத்தை ஆகஸ்டில் அந்நிறுவனமே வெளியிட்டது. அக்குறிப்பு வகைக்கு 21 செய்திகள் வேண்டும் என்று வகுத்திருந்தனர். ஆனால் கணினியிலிருந்த நிரல் 20 செய்திகளை மட்டுமே கொடுத்தது. முந்திய கோப்புகளில் 21-ஆம் இடத்தில் எதுவாயினும் ஏற்க என்னும் பொதுக்குறி இருந்ததால் குறை வெளிப்படவில்லை. அன்று வந்த கோப்பு 21-ஆவதைக் கேட்டது; நிரல் இல்லாத இடத்தில் தேடிற்று; அந்நிரல் கருவகத்தில் ஓடுவதாதலால் முழுக் கணினியும் நின்றது. கோப்பைச் சரிபார்க்கும் நிரலும் இதனைக் காணத் தவறியது.

78 நிமிடத்தில், அதாவது பகல் 1 மணி 27 நிமிடத்திற்கு, பிழையான கோப்பை அந்நிறுவனம் மாற்றிவிட்டது. ஆனால் முன்னரே விழுந்த கணினிகளோ எழுவதற்குள் மீண்டும் விழுந்தன; தடுப்பான் தொடக்கத்திலேயே ஓடுவதாகும். ஆகவே பணியாளர் ஒருவர் ஒவ்வொரு கணினியின் முன்னும் அமர்ந்து, காப்பு நிலையில் அதனைத் தொடங்கி, அந்த ஒரு கோப்பை நீக்கவேண்டியிருந்தது. வட்டு பூட்டப்பட்டிருந்தால் அதற்குரிய நீண்ட திறவெண்ணும் வேண்டும். அத்திறவெண்களைச் சேமித்திருந்த கணினியும் விழுந்திருந்தால் துன்பம் இரட்டித்தது. கேடு சில நிமிடங்களில் உலகைச் சுற்றியது. மருந்தோ கையால், ஒவ்வொன்றாக, நாட்கணக்கில் கொடுக்கப்பட்டது.

இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கூண்டுக் குருவிகளை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இருந்தது. நச்சுக்காற்று இருந்தால் குருவி முதலிற் சோர்ந்து காட்டிக் கொடுக்கும். நிரல் எழுதுவோரும் புதிய திருத்தத்தை முதலில் சில கணினிகளுக்கு மட்டும் அனுப்பிப் பார்க்கும் முறைக்கு அக்குருவியின் பெயரையே இட்டிருக்கின்றனர். அம்முறையை நிரலுக்குப் பின்பற்றியவர்கள், சிறு குறிப்புக்கோப்புதானே என்று இதற்குப் பின்பற்றாது விட்டனர். இனி அவற்றையும் படிப்படியாகவே அனுப்புவதாக அந்நிறுவனம் அறிவித்தது. மைக்ரோசாப்டும் எழ இயலாத கணினிக்குத் தொலைவிலிருந்தே திருத்தம் அனுப்பும் வழியை 2025-ல் விண்டோஸ் 11-ல் சேர்த்தது. அவ்வாண்டே அதில் நீலத்திரையைக் கருந்திரையாக்கி, வாசகத்தையும் சுருக்கிற்று. நிறம் மாறினாலும் பணி மாறவில்லை.

நாம் கொள்ளத்தக்கவை

ஆசிரியர்களாகிய நாம் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கவை சில உண்டு. திரை தோன்றியவுடன் அதிலுள்ள பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். கைப்பேசியாற் படமெடுத்துக்கொள்வது எளிது. பிறகு, கடைசியாக எது மாறியது என்று நம்மை நாமே கேட்கவேண்டும். புதிய கருவியை இணைத்திருந்தால் கழற்றலாம். புதிய நிரலையோ இயக்கியையோ ஏற்றியிருந்தால் நீக்கலாம். புதுப்பிப்பு வந்தபின் பிழை தொடங்கியிருந்தால் அதனைத் திரும்பப் பெறலாம். எழ மறுக்கும் கணினியைக் காப்பு நிலையில் தொடங்கினால், இன்றியமையாத நிரல்கள் மட்டுமே ஓடுமாதலால் பிழையான ஒன்றை நீக்க இடமுண்டாகும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்யவேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால், எது தீர்த்தது என்பது தெரியாது. காரணமின்றி வெவ்வேறு எண்கள் மாறி மாறித் தோன்றினால், விண்டோசிலேயே உள்ள நினைவகச் சோதனையை நடத்திப் பார்க்கலாம். வட்டு பழுதுபடும் குறி தெரிந்தால், முதலில் கோப்புகளைப் படியெடுத்துவிட்டுப் பின்னரே பழுது பார்க்கவேண்டும்.

இவையெல்லாம் நோய் வந்தபின் செய்வன. நோய் வருமுன் செய்யத்தக்கவை இரண்டே. மாணவர் மதிப்பெண்ணையும் பாடக்குறிப்பையும் வேறோர் இடத்திலும் படியெடுத்து வைத்தல் ஒன்று. வட்டின் திறவெண்ணைத் தாளில் எழுதிக் கணினிக்கு வெளியே பத்திரப்படுத்தல் மற்றொன்று. புதுப்பிப்பு ஓடும்போது மின்சாரத்தை நிறுத்தாதிருத்தலும் வேண்டும்.

தவறிய விடையை அழித்துவிடாமல், எங்கே தவறினேன் என்று காட்டும் மாணவனை நாம் கடிவதில்லை. திருத்துவதற்கு அவனே வழிகாட்டுகிறான். தவற்றை மறைத்து மேலும் எழுதிக்கொண்டே போகிறவனிடமே நாம் விழிப்பாக இருக்கவேண்டும். கேம்பிரிட்ஜின் படிகளில் வில்க்ஸ் உணர்ந்ததும், தஹ்ரானில் 28 உயிர் கொடுத்து உலகம் அறிந்ததும் அதுவே. அடுத்தமுறை நம் கணினி நின்று, தன் பிழையை எழுதிக் காட்டினால், அதனைச் சினந்து அணைக்குமுன், அது சொல்வதை ஒருமுறை படித்துப் பார்ப்போமாக.